பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை, ஆனாலும் ஒரு திரை மங்கல்: டாக்கிங் ஸ்டேஷன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கணக்குப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு புதிய மானிட்டர்கள் கொடுத்தோம். இரண்டும் 27 அங்குலம், 2560×1440 புள்ளிகள், அதாவது க்யூஎச்டி. அதற்கு முன் அவர் மேசையில் இருந்தவை 1920×1080 திரைகள். அதே லேப்டாப்பில், அதே டாக்கில் (டாக்கிங் ஸ்டேஷன்: ஒரே கேபிளில் லேப்டாப்போடு மானிட்டர், நெட்வொர்க், யுஎஸ்பி சாதனங்களை இணைக்கும் பெட்டி) அவை எந்தத் தொல்லையும் தராமல் ஓடிக்கொண்டிருந்தன. புதியவை மேசைக்கு வந்த அன்றே புகாரும் வந்தது. ஒரு திரை பளிச்சென்று இருக்கிறது, இன்னொன்றில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி அகன்று, மங்கிக் கிடக்கிறது. திரை அமைப்பைத் திறந்து பார்த்தால் அந்த இரண்டாவது திரைக்கு 1280×1024-க்கு மேல் தேர்வே இல்லை.

"புதுசுன்னு சொல்லி இப்படி ஒண்ணைக் குடுத்திருக்கீங்களே சார், பழசுல ரெண்டு பக்கமும் நல்லாத்தானே தெரிஞ்சுது" என்றார். அவர் சொன்னதில்தான் இந்தப் புதிரின் பாதி விடை இருந்தது. பழையவை ஓடின, புதியவை ஓடவில்லை. ஆனால் அதை வைத்து மானிட்டரில் கோளாறு என்று முடிவுகட்ட முடியாது.

என்னென்ன இருந்தன

லேப்டாப் சில ஆண்டுகள் பழையது. திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற முறையில் அதன் கிராபிக்ஸ் 1.2 பதிப்பு வரைக்கும்தான். யுஎஸ்பி-சி துளை ஒன்று, அதில் படமும் போகும், சார்ஜும் ஏறும்; அதே வடிவ முனையில் இன்னும் அதிகம் சுமக்கும் தண்டர்போல்ட் இணைப்பு கிடையாது. பக்கவாட்டில் முழு அளவு எச்டிஎம்ஐ துளை ஒன்று. டாக் கொஞ்சம் புதியது: இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ, நெட்வொர்க் துளை, நாலைந்து யுஎஸ்பி துளைகள். பெட்டியின் மேல் "இரண்டு 4கே திரைகள், 60 ஹெர்ட்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. 4கே என்றால் 3840×2160 புள்ளிகள்; ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. இரண்டு 4கே தாங்கும் என்றால் இரண்டு க்யூஎச்டி எம்மாத்திரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதலில் கண்ணில் பட்ட தடயம் இது: மங்கலாவது எப்போதும் ஒரே திரை இல்லை. லேப்டாப்பைத் தூங்கவிட்டு எழுப்பினால் சில நேரம் இடது பக்கம் மங்கும், சில நேரம் வலது. டாக்கில் கேபிளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகினால், முதலில் செருகியது முழு அளவில் வரும், அடுத்தது சுருங்கும். மானிட்டர் பழுது என்றால் பழுது அந்த மானிட்டரோடேயே போக வேண்டும். கேபிள் பழுது என்றால் கேபிளோடு. இங்கே அது வரிசையோடு போனது. யார் முந்துகிறாரோ அவருக்கு இலை நிறைய, பிந்தியவருக்கு மிச்சம்.

அப்படியென்றால் ஏதோ ஒன்று பங்கிடப்படுகிறது, அது போதவில்லை. இந்த அளவுக்கு யோசித்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் நடைமுறையில் யாரும் இதோடு நிறுத்துவதில்லை, கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றிப் பார்ப்பார்கள். இங்கேயும் அது நடந்தது.

மாற்றிப் பார்த்தவை

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தோம், டாக்குக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்தோம். இரண்டும் செய்ய வேண்டியவைதான், குறிப்பாக டாக் ஃபர்ம்வேர். தூக்கத்திலிருந்து எழும்போது திரை வராமல் போவது, யுஎஸ்பி சாதனங்கள் விட்டுவிட்டு அறுபடுவது போன்ற பல தொல்லைகள் அதில் தீர்ந்துவிடும். இந்த மங்கல் தீரவில்லை.

கேபிள் மேல் சந்தேகப்பட்ட ஒருவர், டாக்கையும் லேப்டாப்பையும் இணைத்த கேபிளைக் கழற்றிவிட்டு, இழுப்பறையில் கிடந்த நீளமான போன் சார்ஜர் கேபிளைச் செருகினார். இரண்டு திரையும் இருண்டன. சார்ஜ் மட்டும் ஏறியது. இதில் வியப்பில்லை. போனோடு வரும் பல யுஎஸ்பி-சி கேபிள்களில் யுஎஸ்பி 2.0-க்கான கம்பிகளும் மின்சாரத்துக்கான கம்பிகளும் மட்டும்தான் இருக்கும்; படம் போக வேண்டிய அதிவேகக் கம்பி ஜோடிகள் உள்ளே கிடையாது. முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. டாக்கோடு வந்த கேபிளைத் தொலைத்துவிட்டால் ஏற்படும் தலைவலியில் முக்கால்வாசி இதுதான். டாக் கேபிளில் அடையாளத்துக்கு ஒரு பட்டையைச் சுற்றிவைப்பது வீண் வேலை இல்லை.

மின்சாரப் பற்றாக்குறையும் இல்லை. டாக் தரும் வாட் லேப்டாப்புக்குப் போதுமானதாகவே இருந்தது. அது குறைந்தால் பேட்டரி மெல்ல இறங்கும், லேப்டாப் மந்தமாகும், எச்சரிக்கையும் வரும். ஒரு திரை மட்டும் சுருங்காது.

கணக்கு

யுஎஸ்பி-சி முனையில் அதிவேகக் கம்பி ஜோடிகள் நான்கு உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் படத்தை அதில் அனுப்பும்போது இரண்டு வழி இருக்கிறது. நான்கு ஜோடியையும் படத்துக்கே கொடுத்துவிடலாம். அப்போது யுஎஸ்பி சாதனங்களுக்கு 2.0 வேகம்தான் மிஞ்சும். அல்லது இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பி 3-க்கும் பிரித்துக்கொள்ளலாம். வேகமான யுஎஸ்பி துளைகளும் ஜிகாபிட் நெட்வொர்க்கும் தரும் டாக்குகளில் பெரும்பாலானவை இரண்டாவது வழியில்தான் போகும். நம்முடையதும் அப்படித்தான். ஆக, படத்துக்கு இரண்டு ஜோடி.

ஒரு ஜோடியில் எவ்வளவு போகும் என்பது டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பைப் பொறுத்தது. 2010-இல் வந்த 1.2 பதிப்பில் ஜோடிக்கு நொடிக்கு 5.4 ஜிகாபிட், இதற்கு எச்பிஆர்2 என்று பெயர். 2014-இல் வந்த 1.3 பதிப்பில் அது 8.1 ஆனது, அது எச்பிஆர்3. இந்த இரண்டிலுமே அனுப்பும் 10 பிட்டுகளில் 8 மட்டும்தான் உண்மையான தகவல். ஆகவே இரண்டு ஜோடி எச்பிஆர்2 என்றால் 10.8-இல் கைக்கு வருவது 8.64 ஜிகாபிட். நம் லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவே இருந்த மொத்த இடம் இவ்வளவுதான்.

இனி செலவு. 1920×1080 திரை 60 ஹெர்ட்ஸில் ஓட நொடிக்குச் சுமார் 3.3 ஜிகாபிட் வேண்டும். இரண்டுக்கு 6.6 அல்லது 6.7. 8.64-க்குள் தாராளமாக அடங்கும். அதனால்தான் பழைய திரைகள் சத்தமில்லாமல் ஓடின. க்யூஎச்டி ஒன்றுக்கு 60 ஹெர்ட்ஸில் சுமார் 5.8. இரண்டுக்கு 11.6. அடங்காது.

முதல் திரை 5.8-ஐ எடுத்துக்கொண்டால் மீதி 2.84. இதில் 1920×1080-கூட நுழையாது, அதற்கே 3.3 வேண்டுமே. 1680×1050-க்கும் மயிரிழையில் இடம் போதாது. 1280×1024-க்கு 2.6 போதும், அது நுழைந்துவிடும். அகன்ற திரையில் அந்தச் சதுரவாட்டமான அளவை நீட்டி விரித்தால் எழுத்துகள் குண்டாகத்தானே தெரியும். புதிய திரை பழையதைவிட மோசமாகத் தெரிந்ததற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான், வேறெதுவும் இல்லை.

ஒரே கம்பியில் இரண்டு திரைகளுக்கான படத்தைச் சேர்த்து அனுப்பி, டாக்குக்குள் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு எம்எஸ்டி என்று பெயர். அதுவும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் வந்ததுதான். டாக் தன் பங்குக்குப் படம் எதையும் உருவாக்குவதில்லை, வருவதைப் பிரிப்பதோடு சரி. பின்னால் மூன்று துளை இருப்பதால் மூன்று திரைக்கான படம் வந்துவிடாது.

அப்படியானால் பெட்டியில் போட்டிருந்த "இரண்டு 4கே"? அதன் அருகே ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை: லேப்டாப் எச்பிஆர்3-ஐயும் டிஎஸ்சி என்ற படச் சுருக்கத்தையும் தர வேண்டும். டிஎஸ்சி டிஸ்ப்ளேபோர்ட்டுக்குள் வந்தது 1.4 பதிப்பில், 2016-இல். எச்பிஆர்3-இல் இரண்டு ஜோடிக்கு 12.96 ஜிகாபிட் கிடைக்கும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ஒன்றுக்கே 12.8 வேண்டும் என்பதால் சுருக்காமல் இரண்டு போகாது, சுருக்கினால் போகும். டாக் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். ஆக பெட்டியில் இருந்தது பொய் இல்லை, வேறொரு லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது. எனக்கு இந்த நட்சத்திரக் குறி வழக்கம் கொஞ்சமும் பிடிக்காது. ஒரு பொருளின் உச்ச அளவை முன்பக்கம் போட்டுவிட்டு, அதை எட்டத் தேவையானதை அடிப்பக்கத்தில் ஒளித்துவைப்பது வாங்குபவரைச் சுற்றவிடுகிற வேலை. ஆனால் படிக்கக் கூடிய எழுத்தில்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு சரிதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று கைவசம் இருந்தது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள புதிய லேப்டாப்பை அதே டாக்கில், அதே கேபிளில், அதே இரண்டு மானிட்டரோடு இணைத்தோம். இரண்டும் 2560×1440, 60 ஹெர்ட்ஸ், வந்து நின்றன. 11.6 என்பது 12.96-க்குள் அடங்குகிறது, சுருக்கம்கூட வேண்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றுகிற இந்த மாதிரிச் சோதனை பத்து டிரைவர் புதுப்பிப்புக்குச் சமம்.

விண்டோஸில் இதைச் சரிபார்க்க வேண்டிய இடம் அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே. டெஸ்க்டாப் அளவு, உண்மையில் மானிட்டருக்குப் போகும் சிக்னலின் அளவு, ஹெர்ட்ஸ் மூன்றும் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக அங்கே தெரியும். திரை அமைப்பின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "60-இல்தான் ஓடுகிறது" என்று சொல்பவர்கள் அதிகம். உள்ளே போய்ப் பார்த்தால் 30 என்று இருக்கும். 4கே திரையில் மவுஸ் அம்பு ஒட்டிக்கொண்டு இழுபடுவது போல இருந்தால் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். இரண்டு ஜோடி எச்பிஆர்2-இல் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது.

என்ன செய்தோம்

இரண்டு திரையையும் 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கணக்கு அடங்கிவிடும். நாள் முழுக்க எக்செலில் மேலும் கீழும் உருட்டுகிறவருக்கு அது தண்டனை. அந்த யோசனை அப்போதே கைவிடப்பட்டது.

சில டாக்குகளிலும், யுஎஸ்பி-சி உள்ள சில மானிட்டர்களின் மெனுவிலும் "படத் தெளிவா, தரவு வேகமா" என்று தேர்ந்தெடுக்க ஓர் அமைப்பு இருக்கும். படத்தைத் தேர்ந்தால் நான்கு ஜோடியும் படத்துக்கு வரும், எச்பிஆர்2-இலேயே 17.28 ஜிகாபிட் கிடைக்கும், இரண்டு க்யூஎச்டி தாராளமாக ஓடும். விலையாக யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். விசைப்பலகை, மவுஸுக்கு அது போதும், வெளி ஹார்ட் டிஸ்கில் பெரிய கோப்பை நகர்த்தினால் தெரியும். நம் டாக்கில் இந்த அமைப்பு இல்லை.

தண்டர்போல்ட் டாக் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். லேப்டாப் துளை தண்டர்போல்ட் ஆக இல்லாதபோது அதனால் ஒரு பயனும் இல்லை. 2015-இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 3-உம் அதன் பிறகு வந்த 4-உம் 40 ஜிகாபிட் சுமக்கக் கூடியவை, இரண்டு முழு டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டங்களைத் தனித்தனியாகக் கொண்டுபோகும்; இந்தச் சிக்கலே அங்கே வராது. ஆனால் அதற்கு இரண்டு முனையிலும் அது இருக்க வேண்டும். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் இன்னொரு வழி. அது இந்தக் கணக்கையே சுற்றிக்கொண்டு போகிறது: திரையில் இருப்பதை மென்பொருளால் சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்பி, டாக்கில் இருக்கும் சிப்பு அதை மறுபடி படமாக்கும். அட்டவணை, கடிதம், மின்னஞ்சல் என்றால் வித்தியாசமே தெரியாது. வீடியோவோ வேகமாக அசையும் எதுவோ ஓடினால் ப்ராசஸர் உழைக்க ஆரம்பிக்கும், விசிறி கத்தும். டிரைவர் நிறுவியே ஆக வேண்டும். பூட்டிவைத்த அலுவலக லேப்டாப்பில் அதற்கு அனுமதி வாங்குவதே தனி வேலை. ஐந்தாறு திரை வேண்டும் என்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பேன், இந்த இடத்துக்கு வேண்டாம் என்று தோன்றியது.

செய்தது வேறு. லேப்டாப்பின் பக்கவாட்டில் சும்மா கிடந்த எச்டிஎம்ஐ துளையிலிருந்து நேராக ஒரு மானிட்டருக்கு கேபிள் போட்டோம். மற்றொன்று டாக்கிலேயே இருந்தது. எச்டிஎம்ஐ 1.4 என்றாலும் 8.16 ஜிகாபிட் தகவலைச் சுமக்கும், 5.8 போக அதற்குச் சிரமமில்லை. டாக்கின் 8.64-இல் இப்போது ஒரே ஒரு திரை. இரண்டும் முழு அளவில், 60 ஹெர்ட்ஸில் வந்துவிட்டன. புதிதாக எதையும் வாங்கவில்லை.

இதில் ஒரு குறை உண்டு. டாக் என்பதே ஒரே கேபிளைச் செருகினால் எல்லாம் வரவேண்டும் என்பதற்காக வாங்குவது. இப்போது இரண்டைச் செருக வேண்டும், கூட்டத்துக்குப் போகும்போது இரண்டைக் கழற்ற வேண்டும். "ஒண்ணைக் கழட்டறப்ப ரெண்டையும் கழட்டிட்டுப் போறேன், அதுல என்ன" என்றார் அவர். இதையே பெரிய குறையாக நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு லேப்டாப் மாறும்வரை காத்திருப்பதைத் தவிர மலிவான வழி எதுவும் இல்லை.

கூடவே வந்த இன்னொரு புகார்

மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது என்றும் அவர் சொல்லியிருந்தார். அதையும் திரைக் கோளாறின் வால் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். திரை சரியான பிறகும் அது போகவில்லை. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் டாக்கின் பின்பக்கம், யுஎஸ்பி 3 துளையில், வேகமான வெளி டிஸ்க்கை ஒட்டிச் செருகியிருந்தது. யுஎஸ்பி 3 ஓட்டம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் 2012-இலேயே ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அந்த ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ரிசீவரை ஒரு சிறிய நீட்டிப்பு கேபிளில் போட்டு மவுஸ் பக்கமாக இழுத்துவைத்ததும் சரியானது. திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, டாக் என்ற ஒரே பெட்டியில் இரண்டு கோளாறும் குடியிருந்தன, அவ்வளவுதான்.

மூன்றாவது திரை

இது சரியானதைப் பார்த்து அடுத்த மேசைக்காரர் தனக்கு மூன்று வெளித்திரை வேண்டும் என்றார். அவர் வைத்திருந்தவை பழைய 1920×1080 திரைகள். டாக்கில் இரண்டு, எச்டிஎம்ஐயில் ஒன்று என்று போட்டால் இடம் போதும். கணக்கு அடங்குகிறது, ஆனாலும் மூன்றாவது வரவில்லை. இங்கே தடை வேறு. கிராபிக்ஸ் சிப்பு ஒரே நேரத்தில் எத்தனை திரைக்குப் படம் தர முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, லேப்டாப்பின் சொந்தத் திரையும் அந்தக் கணக்கில் ஒன்று. இன்டெலின் பல தலைமுறைகளில் அந்த வரம்பு மூன்று. 2020-இல் வந்த 11ஆம் தலைமுறை லேப்டாப் சிப்புகளில் அது நான்கானது. லேப்டாப் மூடியை மூடி, உள்திரையை அணைத்ததும் மூன்று வெளித்திரையும் எரிந்தன. மூடி மூடியிருக்கும்போது தூங்காமல் இருக்க மின்சேமிப்பு அமைப்பில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது.

இதே டாக்கை மேக்புக் வைத்திருப்பவர் எடுத்துப் போனால் கதை மறுபடி மாறும். எம்எஸ்டி முறையில் தனித்தனித் திரையாக விரிப்பதை மேக்ஓஎஸ் ஆதரிப்பதில்லை; இப்படிப்பட்ட டாக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். அதற்கு மேல் சிப்பின் வரம்பு. அடிப்படை எம்1, எம்2 சிப்புள்ள மேக்புக்குகளுக்கு ஆப்பிள் குறிப்பிட்டிருப்பதே ஒரு வெளித்திரை. 2024-இல் வந்த எம்3 மேக்புக் ஏரில் மூடியை மூடினால் இரண்டு. 2025-இல் வந்த எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. இரண்டு தனித் திரை வேண்டுமென்றால் அவர்கள் பார்க்க வேண்டியது தண்டர்போல்ட் டாக்கை, அதுவும் சிப்பு இரண்டைத் தரும் என்று உறுதி செய்துகொண்ட பிறகு. டிஸ்ப்ளேலிங்க் அங்கேயும் வேலை செய்யும். ஆனால் திரைப்பதிவு அனுமதி கேட்கும், காப்புரிமைப் பூட்டு போட்ட வீடியோக்கள் கறுப்பாகத் தெரியும்.

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் கொள்முதல் படிவத்தில் டாக் கேட்பவர்களுக்கு மேலும் சில வரிகள் சேர்ந்தன: லேப்டாப் மாடல், யுஎஸ்பி-சி துளையின் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு, தண்டர்போல்ட் உண்டா, ஒவ்வொரு மானிட்டரின் புள்ளி அளவும் ஹெர்ட்ஸும். டாக்கில் எத்தனை துளை வேண்டும் என்று முன்பு இருந்த வரியை எடுத்துவிட்டோம்.